ஆச்சியின் மெய்க்கீர்த்தி

எங்கள் பக்கத்து ஆட்களிடம் எதையும் பழசு என்று ஒப்புக்கொள்ள வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. வயது பன்னிரண்டு கோடி வருஷம் என்கிறார்கள். அரியலூரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் நத்தையும் சிப்பியும் கல்லாய்க் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். இன்றைக்கு அந்தக் கடலைத்தான் சிமெண்டு ஆலைகள் ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டி விற்றுக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் போய், "மேடையிலும் சினிமாவிலும் டிவியிலும் அறுபது வருஷம் நடித்த மூத்த கலைஞர்" என்று பேச்சை ஆரம்பித்தால், டீக்கடை பெஞ்சில் இருப்பவர் பேப்பரைக்கூடக் கீழே இறக்க மாட்டார்.

அதனால் ராஜேந்திர சோழனிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவரும் எங்களுக்குப் புது ஆள்தான், ஆயிரம் வருஷம்தான் ஆகிறது. என்றாலும் அரியலூர் மாவட்டத்துக்காரன் வரலாறு எழுதினால் அவரைத் தாண்டிப் போக முடியாது. கங்கைகொண்டசோழபுரம் வழியில் நிற்கும்.

ராஜேந்திரன் 1014 முதல் 1044 வரை ஆண்டார். சோழ ராஜாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயிலுக்குப் பத்து ஆடு கொடுத்த சங்கதியைக் கல்லில் வெட்டினாலும், அதற்கு முன்னால் தாங்கள் ஜெயித்த ஊர்ப் பட்டியலை முழுசாக வெட்டச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பெயர் மெய்க்கீர்த்தி. வருஷா வருஷம் பட்டியல் நீளும். ஈழம் சேரும், கங்கை சேரும், கடாரம் சேரும். கடைசியில் ஆடு எங்கே இருக்கிறது என்று கல்வெட்டுத் துறைக்காரர்தான் வேர்க்க விறுவிறுக்கத் தேட வேண்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணக்கு ஓடும். ஆச்சி என்று எல்லோரும் கூப்பிடும் நடிகை மனோரமாவின் முதல் படம் 'மாலையிட்ட மங்கை' வந்தது 1958-ல். ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது எண்பதுகளின் நடுவில். ஏறக்குறைய இருபத்தேழு வருஷம், ஆயிரம் படம். வகுத்துப் பாருங்கள், பத்து நாளைக்கு ஒரு படம். ராஜேந்திரனின் ஆட்சியும் முப்பது வருஷம்தான். யானைப்படை, குதிரைப்படை, கப்பற்படை எல்லாம் வைத்துக்கொண்டு அவர் பிடித்த ஊர்களின் கணக்கு ஆயிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆச்சி கையில் இருந்தது ஒரு மேக்கப் பெட்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கங்கைத் தண்ணீரைத் தோற்ற ராஜாக்களின் தலையில் ஏற்றிக் கொண்டுவரச் செய்தார் என்று ராஜேந்திரனைப் புகழ்வார்கள். ஆச்சி திரையில் தூக்கிய தண்ணீர்க் குடங்களுக்குக் கணக்கே கிடையாது. எல்லாம் சொந்த இடுப்பில்தான்.

கங்கைகொண்டசோழபுரத்தில் ராஜேந்திரன் கட்டிய கோயில் இருக்கிறது. சுற்றியிருந்த பெரிய மதில் இல்லை. 1836-ல் வெள்ளைக்காரன் அணைக்கரையில் கீழணை கட்ட அந்த மதிலைத் தகர்த்துக் கல்லை எடுத்துக்கொண்டான். ராஜ கோபுரமானாலும் கடைசியில் மதகுக்கு அண்டைக்கல். சக்கரவர்த்திக்கே கதி இதுவென்றால், கதாநாயகிக்குத் தோழியாக வந்து போனவருக்கு யார் கல் நடுவார்கள்? சரி, நானே இங்கே வெட்டிவிடுகிறேன். ஆட்டுக் கணக்கு கடைசியில் வரும்.

முதலில் சாட்சி. எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். எழுபதுகளின் கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு டூரிங் கொட்டாய் இருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். சீர்காழியின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' ரெக்கார்டு காற்றில் வந்தால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் அப்பாயி வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருக்கும். பாட்டு கேட்டதும் மடியில் இருந்த சருகை உதறிவிட்டு எழுந்துவிடும். பொடிப் பயலான நான் பெண்கள் பக்கத்தில் சேர்த்தி.

கொட்டாய்க்குள் நுழைந்ததும் அப்பாயி மணலைக் குவித்துத் தலையணை மாதிரி செய்யும். முந்தானையை விரிக்கும். படுக்கும். படுப்பதற்கு முன் எனக்கு ஒரே ஒரு உத்தரவு.

"மனோரமா வந்தா எழுப்பு சாமி."

அவ்வளவுதான். அதன் பிறகு திரையில் எம்.ஜி.ஆர். பத்துப் பேரை அடித்தாலும் சரி, சிவாஜி ரத்தம் கக்கினாலும் சரி, அப்பாயி குறட்டை விடும். நான் கண்கொட்டாமல் காவல் இருப்பேன். மற்ற பிள்ளைகள் சண்டைக் காட்சிக்குக் காத்திருந்தபோது நான் மட்டும் காமெடி டிராக்குக்குக் காத்திருந்தேன். எழுப்பாமல் விட்டால் முறுக்கு கிடையாது.

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பத்து வருஷம் சுற்றியடித்துவிட்டு எங்கள் கொட்டாய்க்கு வந்தது. தமிழ்நாடே நாயனத்துக்கும் நாட்டியத்துக்கும் நடந்த போட்டியைப் பார்த்துச் சொக்கிப்போன படம். எங்கள் அப்பாயி சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்தைத் தாலாட்டாக வைத்துத் தூங்கியது. பத்மினி ஆடினார், மணி அசைந்தது, அப்பாயி அசையவில்லை. ஜில் ஜில் ரமாமணி வந்ததும்தான் நான் தோளைத் தட்டினேன். அப்பாயி எழுந்து, கொண்டையை முடிந்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால், படம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று நினைப்பீர்கள்.

ஜில் ஜில் ஒரு நாடகக்காரி. பெரிய வித்துவானைப் பார்த்து, இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பாள். வித்துவான் முகம் போகிற போக்கைப் பார்த்துக் கொட்டாயே உருளும். சங்கீதம் தெரிந்தவர்கள் அதை அப்பாவித்தனம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழு கட்டை சுருதியில் மிதந்துகொண்டிருந்த படத்தை ஒரே கேள்வியில் தரையில் இறக்கி உட்கார வைத்த வேலை அது. தரை டிக்கெட்டுக்காரர்களின் சார்பாகக் கேட்கப்பட்ட கேள்வி.

படம் முடிந்து வரப்பில் நடந்து வரும்போது அப்பாயி சொல்லும்: "மத்தவளுவ எல்லாம் நடிக்கிறாளுவ. இவ வந்து பேசிட்டுப் போறா." விமர்சனம் அவ்வளவுதான். சிவாஜியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாவம், அவரை அது பார்த்தால்தானே.

இனி கீர்த்தி.

பிறந்தது மன்னார்குடி, 1937. பெயர் கோபிசாந்தா. அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து வீட்டு வேலை செய்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே வேலைக்குப் போனது. இந்த இடத்தில் பத்திரிகைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கர்ச்சீப் எடுப்பார்கள். ஆச்சியின் கதையை எழுதும் எல்லோரும் இங்கேயே ஒரு பக்கம் நிற்பார்கள். நான் நகர்கிறேன். பின்னால் எத்தனையோ படத்தில் வேலைக்காரியாக வந்தவருக்கு அந்த வேலை தெரிந்திருந்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் விளக்குமாறு பிடிக்கும் விதத்தைப் பார்த்தாலே தெரியும். மற்ற நடிகைகள் மயிலிறகு மாதிரிப் பிடிப்பார்கள். ஆச்சி குனிந்து, மறு கையை முதுகில் வைத்துக்கொண்டு, குப்பையைத் தன்னை விட்டுத் தள்ளிப் பெருக்குவார்.

பன்னிரண்டு வயதில் மேடை. ஊருக்கு நாடகக் கம்பெனி வந்தது, நடிக்க வேண்டிய பெண் வரவில்லை, பாடவும் தெரிந்த ஒரு பெண் வேண்டும், இந்தப் பிள்ளைக்குப் பாட வரும். கோபிசாந்தா மனோரமா ஆனது நாடகக்காரர்கள் வைத்த பெயரில்தான். பிறகு வைரம் நாடக சபா, பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம். பாருங்கள், இவர் கதையிலும் ஒரு ராஜேந்திரன் வந்துவிட்டார். அந்த மன்றத்தில் போட்ட 'மணிமகுடம்' நாடகத்தை எழுதியவர் மு.கருணாநிதி. இந்தப் பெயரையும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் மாவட்டத்துக்குத் தேவைப்படும்.

'மணிமகுட'த்தில் பார்த்துத்தான் கண்ணதாசன் தன் 'மாலையிட்ட மங்கை'க்கு அழைத்தார். கதாநாயகி என்று நினைத்துப் போனால் காமெடி வேஷம். தயங்கியவரிடம், கதாநாயகி என்றால் நாலைந்து வருஷம், காமெடி என்றால் காலத்துக்கும் என்று கவிஞர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கவிஞர் சொன்ன ஆரூடங்களில் முழுசாகப் பலித்தது இதுவாகத்தான் இருக்கும். 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி'யில் ஆர்.எஸ்.மனோகருக்கு ஜோடியாக கதாநாயகி ஆகவும் ஆனார். ஆகிவிட்டு, அது சரிப்படாது என்று தன் நாற்காலிக்கே திரும்பி வந்தார். அந்த வருஷத்துக் கதாநாயகிகள் எத்தனை பேர் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது? எனக்கு விரல் விட்டு எண்ண ஒரு கை அதிகம்.

1964-ல் கல்யாணம், ஒரு மகன், 1966-ல் விவாகரத்து. சினிமாவில் அவருக்கு நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் என்று ஜோடி மாறிக்கொண்டே இருந்தது. வீட்டில் அதன் பிறகு ஜோடி இல்லை. மெய்க்கீர்த்தியில் தோல்விகளை வெட்டும் வழக்கம் கிடையாது என்பதால் இதை ஒரு வரியோடு விடுகிறேன்.

இப்போது ராஜாக்களின் பட்டியல். அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில் நடித்தார். எம்.ஜி.ஆரோடும் ஜெயலலிதாவோடும் திரையில் நடித்தார். என்.டி.ராமராவோடு தெலுங்கில் நடித்தார். ஆக ஐந்து முதலமைச்சர்கள். இதை ஆச்சிக்குக் கிடைத்த பெருமையாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். எனக்கென்னவோ தலைகீழாகத்தான் தோன்றுகிறது. ஆச்சியோடு நடித்தவர்களில் ஐந்து பேர் மேற்கொண்டு வாய்ப்பு இல்லாமல் கோட்டைக்குப் போய்விட்டார்கள். ஆச்சிக்குக் கால்ஷீட் இருந்ததால் போகவில்லை.

இந்த ஐவரில் இருவர்தான் எங்கள் மாவட்டத்துக்குக் கதை வசனம் எழுதியவர்கள். 1995-ல் ஜெயலலிதா திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டத்தை உண்டாக்கினார். அரியலூர் அதற்குள் அடக்கம். 2001-ல் கருணாநிதி அரியலூரைப் பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார். அந்த வருஷமே ஆட்சி மாறியது. 2002-ல் ஜெயலலிதா, செலவு கட்டுப்படியாகாது என்று மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார். திரும்ப வந்த கருணாநிதி 2007-ல் திரும்பப் பிரித்தார். சேர்த்துவைத்து, பிரித்து, சேர்த்து, பிரித்து, எந்த மெகா சீரியலிலும் ஒரு தம்பதி இந்தப் பாடு பட்டதில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பட்டா மாற்றப் போனவர். மனு கொடுத்தபோது ஒரு கலெக்டர் ஆபீஸ், பதில் வந்தபோது இன்னொன்று. நடுவில் மனுவைக் காணோம். அவர் சொன்னார்: "ரெண்டு பேரும் நாடகத்துல பழகுனவங்க. சீன் மாத்திக்கிட்டே இருப்பாங்க. நாமதான் திரை தூக்குறவன் மாதிரி நின்னுக்கிட்டே கெடக்கணும்."

ஆச்சி அந்த இருவருக்கும் நடுவில் நின்றவர். ஒருவர் வசனத்தைப் பேசினார், இன்னொருவரோடு படத்தில் வந்தார். அரசியலில் ஒருமுறை காலை விட்டார். 1996 தேர்தலில் ரஜினி ஒரு பக்கம் பேச, ஆச்சி ஜெயலலிதாவுக்காக மேடையேறி ரஜினியைத் திட்டினார். 'அண்ணாமலை'யில் அம்மாவாக நடித்துப் பெற்ற பிள்ளையை வெளியூர் மேடைகளில் வைத்துத் திட்டியதைத் தமிழ்நாடு ரசிக்கவில்லை. ஜெயலலிதா தோற்றார். ஆச்சிக்குப் படங்கள் குறைந்தன. அடுத்த வருஷம் 'அருணாச்சலம்' படத்தில் ரஜினியே கூப்பிட்டு வேஷம் கொடுத்தார். ரஜினியின் பெருந்தன்மை என்று அப்போது பேசினார்கள், இருக்கட்டும். அம்மா வேஷத்துக்கு ஆச்சியை விட்டால் ஆள் ஏது என்கிற உலக ஞானமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

அம்மா வேஷம் என்றதும் எங்கள் ஊர் நாடகம் ஞாபகத்துக்கு வருகிறது. தொண்ணூறாம் வருஷம் வாக்கில், மாரியம்மன் திருவிழாவுக்கு ஊர் இளவட்டங்கள் சேர்ந்து ஒரு சமூக நாடகம் போட்டோம். ஆண் வேஷத்துக்கு ஊரில் கொள்ளை ஆள். பெண் வேஷத்துக்கு வெளியூரிலிருந்து நாடக நடிகையைக் கூலிக்கு அழைத்து வர வேண்டும். வசூலான பணத்தில் ஒருவரைத்தான் அழைக்க முடிந்தது. கதையில் மூன்று பெண்கள்: கதாநாயகி, கதாநாயகியின் அம்மா, காமெடியனின் பெண்டாட்டி. அந்தம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். "மூணையும் நானே பண்ணிடறேன், ஆனா மூணு பொடவை வேணும்" என்றார். மூன்று வீட்டில் கடன் வாங்கினோம்.

முதல் இரண்டு மணி நேரம் எந்தச் சிக்கலும் இல்லை. கதாநாயகி உள்ளே போவாள், காமெடியன் பெண்டாட்டி கூந்தலை அள்ளிச் செருகிக்கொண்டு வெளியே வருவாள். குரல் வேறு, நடை வேறு. இரண்டு நடிகைகள் வந்திருப்பதாகவே முன்வரிசைக் கிழவிகள் நம்பினார்கள். வினை கடைசிக் காட்சியில். கதாநாயகி விஷம் குடித்துச் செத்துக் கிடக்க, அம்மாக்காரி வந்து மாரடித்து அழ வேண்டும். செத்தவளும் அழ வேண்டியவளும் ஒரே ஆள் என்பது கதை எழுதிய எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் உறைக்கவில்லை. அந்தம்மா அலட்டிக்கொள்ளவில்லை. விளக்கை ஒரு வினாடி அணைக்கச் சொன்னார். கதாநாயகியின் புடவையைத் தலையணைக்குப் போர்த்திப் படுக்க வைத்தார். வெள்ளைப் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து அதன்மேல் விழுந்து ஒப்பாரி வைத்தார். ஊரே அழுதது. தலையணை என்று தெரிந்த நானும் அழுதேன். நடுவில் ஒரு நாய் மேடையேறிப் புடவை முனையைக் கவ்வி இழுத்தது. ஒப்பாரி ராகம் கெடாமல், அதே இழுவையில், அந்த நாயையும் வைது விரட்டினார். அதற்கும் கைதட்டு.

ஆச்சியின் சினிமா வரிசையை எடுத்துப் பார்த்தால் இதேபோல மூன்று புடவைதான். அறுபதுகளில் காமெடியனின் ஜோடி. எண்பதுகளில் அம்மா. 'பாட்டி சொல்லைத் தட்டாதே' 1988-ல் வந்தபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது, படத்தின் தலைப்பே அவர்தான். அடுத்த வருஷம் 'அபூர்வ சகோதரர்க'ளில் கமலை வளர்த்த தாய், அதே 1989-ல் 'புதிய பாதை'க்குத் தேசிய விருது. 1990-ல் 'நடிகன்' படத்தில் திடீரென்று மூன்றாவது புடவையைக் கழற்றி முதல் புடவைக்கே போய்விட்டார். கிழவர் வேஷம் போட்ட சத்யராஜைக் கிழவர் என்றே நம்பி அவர் படும் வெட்கம் இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பாயி இரண்டு நாள் தலைக்குப் பூ வைத்தது.

அறுபதுகளின் ஜோடிகளில் நாகேஷோடு சேர்ந்தது தனி ரகம். நாகேஷ் உடம்பு ரப்பர். பக்கத்தில் யார் நின்றாலும் மரக்கட்டையாகத் தெரிவார்கள். ஆச்சி அவரோடு போட்டி போட்டு வளைய மாட்டார். நின்ற இடத்தில் நின்று, நாகேஷ் சுழன்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வார்த்தை போடுவார். பம்பரம் விட்டவர் யார், கயிறு பிடித்தவர் யார் என்று அப்போது தெரியும்.

எனக்கு ஆச்சி மேல் ஒரு வருத்தமும் உண்டு. தமிழில் எத்தனை பேச்சு உண்டோ அத்தனையும் அவர் நாக்கில் இருந்தது. 'பொம்மலாட்ட'த்தில் சோவோடு சேர்ந்து மெட்ராஸ் பாஷையில் சொந்தக் குரலில் பாடினார். 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடிக்காரியாக வந்தார். 'சின்ன கவுண்ட'ரில் பல்லை நீட்டிக்கொண்டு கொங்குத் தாயாக வந்தார். ஐயர் வீட்டு மாமி, செட்டிநாட்டு ஆச்சி எல்லாம் ஆயிற்று. எங்கள் அரியலூர், பெரம்பலூர்ப் பேச்சைப் பேசிய ஒரு படம்கூட என் கண்ணில் படவில்லை. இதை ஒருமுறை ஊரில் புலம்பியபோது, வாத்தியார் ஒருவர் கேட்டார்: "நம்ம பேச்சுக்குன்னு தனியா என்ன ராகம் இருக்கு? தெக்க போனா தஞ்சாவூர், வடக்க போனா தென்னாற்காடு, மேக்க போனா திருச்சி. நாம நடுவுல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கோம்." பதில் சொல்லத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களும் வேண்டும் அல்லவா, இல்லாவிட்டால் கொட்டாய் எப்படி நிறையும்?

கொட்டாய் எப்போது போனது என்று சரியாக யாருக்கும் ஞாபகம் இல்லை. கீற்றைப் பிரித்து எடுத்தார்கள், மணலை யாரோ வீடு கட்ட அள்ளிக்கொண்டு போனார்கள். ராஜேந்திரன் மதிலுக்கு நடந்ததேதான். அதற்குள் பஞ்சாயத்து டிவி வந்திருந்தது. மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்து, வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்துக்குத் திறப்பார்கள். சாவி வைத்திருந்தவருக்கு அன்றைக்கு எங்கள் ஊரில் இருந்த மரியாதை எம்.எல்.ஏ.வுக்கு இல்லை. 1993-ல் சன் டிவி வந்தது. கேபிள் வந்தது. ஆச்சியும் சின்னத்திரைக்கு வந்தார், தொடர்களில் பாட்டியாக, மாமியாராக, குடும்பத்தைக் கட்டிக் காப்பவராக. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தத் தொடர்கள் ஒட்டவில்லை. சினிமாவில் ஐந்து நிமிஷம் வந்து ஐந்து நாள் பேச வைத்தவரை, தினம் அரை மணி நேரம் அழ வைத்தால் எப்படி? ஆனால் ஊரில் என் பேச்சை யார் கேட்டார்கள். ஏழரை மணிக்கு மேல் எங்கள் தெருவில் சோறு கேட்டால் கிடைக்காது.

பிறகு இலவசக் கலர் டிவி. 2006-ல் கருணாநிதி ஆட்சிக்கு வந்து வீட்டுக்கு வீடு கொடுத்தாரே, அந்தப் பதினான்கு இஞ்ச் பெட்டி. எங்கள் அம்மாவுக்கும் ஒன்று வந்தது. அம்மா அதைத் துணி போர்த்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முதல்நாள் போட்டதும் வந்தது ஆச்சியின் ஏதோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். 'மணிமகுடம்' எழுதியவர் கொடுத்த பெட்டியில் 'மணிமகுட'த்தில் நடித்தவர். கலர் டிவியில் முதலில் கறுப்பு வெள்ளை வந்ததால், பெட்டி பழுது என்று அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார்.

படங்கள் 1500 வரை போனது என்கிறார்கள். 2002-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாங்கள் பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்த வருஷம். மாவட்டமே பறிபோன ஆத்திரத்தில் அரியலூர்ப் பக்கம் அதைக் கொண்டாடத் தோன்றவில்லை.

2015 அக்டோபர் 10, சனிக்கிழமை இரவு ஆச்சி இறந்தார். வயது 78. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரியும். நான் ஊரில் இருந்தேன். அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கீழே செய்தி வரி ஓடியது, மேலே 'நடிகன்' படக் காமெடி ஓடியது. அம்மா கீழே படித்துவிட்டு உச்சுக் கொட்டினார், மேலே பார்த்துவிட்டுச் சிரித்தார், மறுபடி கீழே படித்தார்.

"எத்தனையோ படத்துல செத்திருக்கா. அடுத்த வாரம் வேற படத்துல வந்துருவா" என்றார்.

சென்னையிலிருந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் வந்து மாலை வைத்துப் போனார்கள். ஜெயலலிதா வந்தார். கருணாநிதியும் வந்தார்.

"ஒண்ணாவா?" என்று அம்மா முறத்தை நிறுத்தினார்.

"ஒண்ணா எங்கம்மா வருவாங்க? தனித்தனியாத்தான்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பெரம்பலூரா அரியலூரா என்று தெரியாமல் நாங்கள் அலைந்த காலமெல்லாம் அவர் மனசில் ஓடியிருக்க வேண்டும்.

"அவ ஒருத்தி நடுவுல படுத்துக் கெடந்தும் பிரயோசனம் இல்லாம போச்சே" என்றார்.

நான் வேறு சானலைத் தட்டினேன். அங்கே 'சின்ன கவுண்டர்'. வேறொன்று மாற்றக் கை போனபோது அம்மா என் முட்டியில் ஒரு அடி வைத்தார்.

"இருடா. அந்தப் பல்லு வரட்டும்."

ஆட்டுக் கணக்கு என்று ஒன்று சொன்னேன் அல்லவா. அன்றைக்கு மத்தியானம் எங்கள் ஆடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் காட்டு மக்காச்சோளத்தை மேய்ந்துவிட்டன. படம் முடியும் வரை வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை.